இடம் வருதல்

சீட்டுப் பணம் கைக்கு வந்த மறுநாள்
தேனப்பன் வரைபடத்தை விரித்தார்.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
மூலைக்கொரு கதவுக்கீல், கடைச்சரக்கு.
மார்செய்யில் இறங்கி
ஆர்ல், அவிஞோன், வெர்தோன் பள்ளத்தாக்கு,
ஜூலை முதல் வாரம்
வலான்சோல் மேட்டில் லாவெண்டர்.
பதினோரு நாள், ஒரு வாடகைக் கார்.

"நீம்னு ஒரு ஊர். நம்ம நேமம் மாதிரி."
அவருக்கு எல்லாம் பக்கத்து ஊர்.
ஒன்பது கோயிலையும்
ஒரே பகலில் வேனில் முடித்த குடும்பம்,
தயிர்சோற்றுத் தூக்கோடு.
இதையும் முடிப்பார், விரலால்.

ஓட்டப்போவது நான்.
அவர் காரைக்குடிக் கடைக்கு
இன்றும் சைக்கிள்தான்.

சிறியவன் சாத்தப்பனுக்கு
குன்றக்குடி வளைவிலேயே குமட்டும்.
வெர்தோனில் எத்தனை வளைவு என்று எண்ணிக்கொண்டிருக்கிறான்.
நூற்றுப்பத்தில் விட்டுவிட்டான்.
பெரியவள் வள்ளிக்கண்ணு
போனைக் காதில் வைத்துக்கொண்டு
தூர்னே ஆ துருவாத், தூர்னே ஆ துருவாத் என்கிறாள்
குளிக்கும்போதும்.

சுங்கம் இல்லாத ரோடாகப் பார்த்து
மஞ்சள் கோடு போட்டேன்.
கால்படி அரிசிக்கு ஒரு குக்கர்.
புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில்,
ஒன்று உடைந்தால் ஒன்று.
விசாவுக்கு, திரும்பி வருவோம் என்பதற்குச்
சொத்துச் சான்று வேண்டுமாம்.
பெரிய வீட்டில் எங்கள் பங்கு மாகாணி.
பதினாறில் ஒன்று,
அதிலும் ஒரு வழக்கு.
அதை எழுத அவர்கள் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன், பொடி எழுத்தில்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.
கியர் வலது கையில்.
இரவில் தூக்கத்தில் கை தானாக நீண்டு
தேனப்பன் முழங்கையில்
மூன்றாவது கியர் போடுகிறது.
"பிரேக்கைப் பிடி" என்று திரும்பிப் படுக்கிறார்.

ஞாயிறு விடியலில்
தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் காரை இறக்கினேன்.
வெடித்த தரை, எதிரே வர ஆளில்லை.
நடுவில் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்தோம்,
அதுதான் ரவுண்டானா.
நம் ஊரில் அதை வலம் வருவோம்,
சாமியைச் சுற்றுவதுபோல்.
அங்கே எதிர்ச்சுற்று.
"இடம் வந்தா ஆகாதே உண்ணாமலை"
என்று நாத்தனார் தெய்வானை கரையில் நின்று சொன்னாள்.
சொல்லிவிட்டு
பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

முதல் சுற்றில் வாளி நசுங்கியது.
இரண்டாவதில் வைப்பரைப் போட்டேன்,
இன்டிகேட்டர் என்று நினைத்து.
ஏழாவதில் கொஞ்சம் பிடிபட்டது.
"ஆத்தா, அவிஞோன் தாண்டியாச்சு"
என்றான் சாத்தப்பன்,
கையில் பிளாஸ்டிக் பையோடு.
வாந்தி வரவில்லை.

ஆடு ஓட்டி வந்த காளிமுத்து
துண்டால் முகம் துடைத்து வெகுநேரம் பார்த்தார்.
"என்னத்தத் தொலச்சீங்க?"
ஒன்றுமில்லை, பிரான்சுக்குப் போகிறோம் என்றேன்.
"இப்படியேவா?" என்றார்.
வள்ளிக்கண்ணு சிரித்த சிரிப்பில்
போன் கீழே விழுந்து
வண்டிக்கடியில் ஒரு பெண்குரல்
துருவாத் துருவாத் என்றது.

பத்தொன்பதாம் தேதி சென்னையில் விரல்ரேகை.
கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.
தேனப்பன் அதற்குள்
கார்காசோனைச் சேர்த்திருக்கிறார்,
ஒரு நாள் கூட.
நான் ஒரு நாளை அடித்திருக்கிறேன்.
இன்னும் பேசி முடியவில்லை.

நேற்றிரவு கோடை மழை.
காலையில் கரையேறிப் பார்த்தேன்.
கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை.
என் டயர் போட்ட வட்டத்தில் மட்டும்
நான்கு விரற்கடை,
மோதிரம்போல்.
காளிமுத்துவின் ஆடுகள்
ஒன்றன்பின் ஒன்றாய்க் குனிந்து
குடித்தபடியே நகர்ந்துகொண்டிருந்தன,
எல்லாம்
இடமாக.